சளி மாத்திரை போட்டால் படபடப்பு, விட்டால் மூக்கடைப்பு: என்ன செய்வது?

கேள்வி: வயது 44. மூன்று வாரத்துக்கு முன் சளி பிடித்தது. மெடிக்கலில் வாங்கிய சளி மாத்திரையைப் போட்டால் நெஞ்சு படபடக்கிறது, வாய் வறள்கிறது. பகலெல்லாம் மந்தமாக இருக்கிறது, ராத்திரி ஆனால் தூக்கம் வருவதில்லை. மாத்திரையை விட்டால் மூக்கு அடைத்துக்கொள்கிறது. மூக்குச் சொட்டு மருந்து மட்டும் தினமும் நாலைந்து தடவை விடுகிறேன், அதில் தொந்தரவு இல்லை. பிரஷருக்குக் காலையில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். இந்தப் பக்கவிளைவுகளை எப்படிச் சமாளிப்பது?

‘அதில் தொந்தரவு இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொட்டு மருந்து மேல்தான் எனக்கு முதல் சந்தேகம். சாதாரண ஜலதோஷம் ஏழு முதல் பத்து நாளில் போய்விடும். இருமல் வேண்டுமானால் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும். மூன்று வாரம் கழித்தும் மூக்கை அடைத்துக்கொண்டிருப்பது அநேகமாக வேறு ஏதோ. அதைப் பிறகு சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை, இருபது வருடத்துக்கு மேல் மருந்துக் கடையில் நிற்கிற மருந்தாளுநர். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் மாத்திரை. அட்டையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கிற பெயரை விடுங்கள், அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் நமக்கு வேண்டியது. பெரும்பாலும் மூன்று பெயர் இருக்கும்: பாராசிட்டமால் 500 மி.கி. (சிலதில் 325), ஃபினைல்எஃப்ரின் 5 அல்லது 10 மி.கி., குளோர்ஃபெனிரமைன் 2 மி.கி. சில மாத்திரைகளில் நாலாவதாகக் காஃபீனும், 30 மி.கி. போல, சேர்ந்திருக்கும். ஒரு மாத்திரை என்று விழுங்குவது ஒரு கூட்டுக்குடும்பம். இதில் எந்தத் தொந்தரவு யார் வேலை என்று பிரித்துப் பார்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

அட்டையே இல்லை, ‘செட்’ மாத்திரை என்றால் சிக்கல்தான். “சளி, காய்ச்சல், உடம்பு வலிக்கு ரெண்டு வேளை செட் குடுங்க” என்று கேட்கிறார்கள், நாங்களும் கத்தரிக்கோலை எடுத்துவிடுகிறோம். ஒன்றும் இரண்டுமாக வெட்டும்போது பெயர் ஒரு துண்டோடு போகும், காலாவதித் தேதி இன்னொரு துண்டோடு போகும். உங்கள் கைக்கு வருவது வெறும் வெள்ளித் துண்டும் அதற்குள் ஒரு மஞ்சள் மாத்திரையும். எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம் இது, ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு ஆபத்தும் உண்டு. சளி மாத்திரைக்குள் ஒரு பாராசிட்டமால் 500 ஒளிந்திருக்கும், காய்ச்சலுக்கென்று தனியாக ஒரு 650 இருக்கும். மூன்று வேளை போட்டால் 3,450 மி.கி. ஆகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு உச்சவரம்பு 4,000. நடுவில் தலைவலி என்று இன்னொரு 650 போட்டால் வரம்பு தாண்டிவிட்டது. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் வரம்பே இதைவிடக் குறைவு. அடுத்த தடவை பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி முழு அட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

பகல் மந்தத்துக்கும் வறண்ட வாய்க்கும் காரணம் குளோர்ஃபெனிரமைன். பழைய காலத்து அலர்ஜி மருந்து. தும்மலையும் ஒழுகும் மூக்கையும் ஓரளவு கட்டுப்படுத்தும், அடைத்த மூக்குக்கு அதனால் பெரிய பலனில்லை. பெரியவர்கள் உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டது மறுநாள் மத்தியானமும் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது என்றால் அதுதான் விஷயம். இதைப் போட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள், மதுவோடு சேர்க்கவே கூடாது. மூக்கு நீராக ஒழுகுகிற முதல் இரண்டு நாளில் ராத்திரி ஒன்று போடுவதில் அர்த்தம் இருக்கிறது. உங்களுக்கு இப்போது ஒழுகவில்லை, அடைக்கிறது. அடைத்த மூக்கில் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் இது வற்ற வைத்துச் சளியை இன்னும் கெட்டியாக்கும். வாய் வறட்சிக்குத் தண்ணீரை வாய் வாயாக அடிக்கடி குடிக்கலாம், சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். ஆனால் மருந்தை நிறுத்துவதுதான் நேரான வழி.

அடுத்தது ஃபினைல்எஃப்ரின். மூக்கடைப்புக்கென்று மாத்திரையில் சேர்த்திருப்பது இதைத்தான். மூக்கு அடைத்தால் உள்ளே சளி உறைந்து நிற்பதாக நினைத்துச் சிந்திச் சிந்திப் பார்க்கிறோம், ஒன்றும் வருவதில்லை. அடைப்பது பெரும்பாலும் இரத்தம். மூக்கின் பக்கச் சுவரில் மடிப்பு மடிப்பாக இருக்கிற திசுக்களில் இரத்தக் குழாய்கள் நிறைய. வைரஸ் வந்ததும் அவை வீங்கி வழியை மறித்துவிடுகின்றன. அந்தக் குழாய்களைச் சுருக்குவதுதான் மூக்கடைப்பு மருந்துகளின் வேலை. சொட்டாக மூக்கில் விட்டால் அங்கே சுருக்கும். மாத்திரையாக விழுங்கினால் இரத்தத்தில் கலந்து மூக்குக்கும் போகும், இதயம், தலை, சிறுநீர்ப்பையின் வாய் என்று எல்லா இடத்துக்கும் போகும்.

ஆனால் வாய்வழியாகப் போகிற ஃபினைல்எஃப்ரினில் பெரும்பகுதியைக் குடல் சுவரே சிதைத்துவிடுகிறது, மூக்குக்குப் போய்ச் சேருவது சொற்பம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கூட்டிய நிபுணர் குழு 2023 செப்டம்பரில் இதைப் பரிசீலித்து, சிபாரிசு செய்யப்படும் அளவில் வாய்வழி ஃபினைல்எஃப்ரின் மூக்கடைப்பைத் தீர்ப்பதில்லை என்று 16–0 என்ற கணக்கில் வாக்களித்தது. 2024 நவம்பரில், மருத்துவர் சீட்டில்லாமல் விற்கும் மருந்துகளின் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிடலாம் என்று எஃப்.டி.ஏ.வே முன்மொழிந்தது. சரி, வேலை செய்யாத மருந்து உலகம் முழுக்க எப்படிப் பரவியது? முன்பு அந்த இடத்தில் இருந்தது சூடோஎஃபெட்ரின். அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அதிலிருந்து மெத் என்கிற போதைப்பொருளைக் காய்ச்சலாம் என்பதால் அமெரிக்காவில் 2006இல் அதைக் கவுன்டருக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள், இந்தியாவிலும் அது கட்டுப்பாட்டுக்குள் உள்ள பொருள். தட்டில் தடையில்லாமல் வைத்து விற்க ஒரு மருந்து தேவைப்பட்டது, ஃபினைல்எஃப்ரின் கைகொடுத்தது. மூக்கைத் திறக்காத மருந்துக்காக அதன் கூட்டாளிகளின் பக்கவிளைவுகளை எதற்குச் சுமக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

அப்படியானால் உங்கள் படபடப்பு எங்கிருந்து வருகிறது? சந்தேகிக்க வேண்டியவர்கள் நாலு பேர். உங்கள் மாத்திரையில் ஃபினைல்எஃப்ரினுக்குப் பதில் சூடோஎஃபெட்ரின் இருக்கலாம், இன்னும் சில மாத்திரைகளில் அது உண்டு. அது இருந்தால் படபடப்பும் தூக்கமின்மையும் அதன் கையெழுத்து. இரண்டாவது காஃபீன். மாத்திரையில் இருக்கிற 30 மி.கி. தனியாக ஒன்றும் செய்யாது. ஆனால் உடம்பு சரியில்லை என்று வழக்கத்தைவிட இரண்டு டம்ளர் காபி கூடக் குடிப்போமே, அதோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சுக்குக் காபியில் காபித்தூள் போடாத வீடுகள் உண்டு, போடுகிற வீடுகளும் உண்டு. மூன்றாவது, காய்ச்சல். உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடித்துடிப்பு நிமிடத்துக்குச் சுமார் 10 கூடும். முதல் வாரப் படபடப்புக்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம். நாலாவது அந்தச் சொட்டு மருந்து பாட்டில். அளவுக்கு மேல் விட்டால் தொண்டை வழியாக இறங்கி உடம்பில் சேரும், அதுவும் படபடப்பையும் தூக்கக் கெடுதலையும் கொடுக்கும்.

சூடோஎஃபெட்ரின்தான் என்று தெரிந்தால் அதன் கணக்கு இது. சாதாரண மாத்திரை என்றால் நாலிலிருந்து ஆறு மணி நேரம் வேலை செய்யும், உடம்பிலிருந்து வெளியேற அதைவிட நேரம் ஆகும். மத்தியானத்துக்கு மேல் போட்டால் ராத்திரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். 12 மணி நேர மாத்திரையை உடைத்துப் போடக் கூடாது, மெதுவாக வெளிவர வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். பிரஷரை எவ்வளவு ஏற்றும் என்றால், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் மேல் அளவு சராசரியாக 1 புள்ளிதான் ஏறியது. கேட்க ஆறுதலாக இருக்கும். ஆனால் சராசரிக்குள் ஒருவருக்கு ஏறாமலும் இன்னொருவருக்கு நன்றாக ஏறியும் இருக்கும், நீங்கள் எந்தப் பக்கம் என்று முன்கூட்டித் தெரியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: கடுமையான அல்லது கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமோ, கடுமையான சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் சூடோஎஃபெட்ரின் எடுக்கக் கூடாது. மூளை இரத்தக் குழாய்கள் சுருங்கும் அபூர்வமான ஆபத்துதான் காரணம். உங்களுக்கு நான் சொல்வது: மாத்திரையை இன்றே நிறுத்துங்கள், காபியை காலை ஒன்றோடு வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாள் காலையும் மாலையும் பிரஷர் பாருங்கள். பிரஷர் மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள். “ரெண்டு மாத்திரையும் ஒண்ணா வேணாம்னு பிரஷர் மாத்திரையை நிறுத்திட்டேன்” என்று சொல்லி என்னைப் பயமுறுத்தியவர்கள் உண்டு.

சூடோஎஃபெட்ரினைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆண்ட்ரியா ரடுகான் நினைவுக்கு வருவார். ருமேனிய ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. 2000 சிட்னி ஒலிம்பிக்கில், 16 வயதில், தங்கம் வாங்கினார். அணி மருத்துவர் சளிக்குக் கொடுத்த மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருந்தது, சோதனையில் தெரிந்தது, பதக்கம் பறிபோனது. மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

இப்போது பாட்டில். சைலோமெட்டாசோலின் 0.1% அல்லது ஆக்ஸிமெட்டாசோலின் 0.05% என்று அதில் போட்டிருக்கும். இது நிஜமாகவே வேலை செய்யும் மருந்து, அதுதான் இதில் கஷ்டம். விட்ட சில நிமிடத்தில் மூக்கு திறக்கும், எட்டுப் பத்து மணி நேரம் தாங்கும். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள்வரை நல்ல நண்பன். அதற்கு மேல் போனால், மருந்தின் வேகம் குறைந்ததும் சுருங்கிய குழாய்கள் முன்பைவிட அதிகமாக வீங்கும். மறுபடி மருந்து, மறுபடி வீக்கம். எட்டு மணி நேரம் தாங்கியது ஆறாகும், அப்புறம் நாலாகும். நீங்கள் நாலைந்து தடவை விடுகிறீர்கள் என்பதே அந்தக் கணக்கைத்தான் சொல்கிறது. இப்போது உங்கள் மூக்கை அடைப்பது சளியாக இருக்க வாய்ப்பு குறைவு, மருந்தேதான் அடைக்கிறது.

எனக்கே இது நடந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிது, கையெட்டும் தூரத்தில் பாட்டில். சட்டைப் பையில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று, வண்டிப் பெட்டியில் ஒன்று. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து இருட்டிலேயே தலையணைக்கு அடியில் துழாவுவேன். பாட்டில் காலி என்று தெரிந்தால் மூக்கு அடைப்பதற்கு முன்னாலேயே மூச்சு முட்டும். இரண்டு மாதம் ஆயிற்று ஒத்துக்கொள்ள.

வெளியே வர வழி இருக்கிறது. ஒரே நாளில் இரண்டு மூக்கிலும் நிறுத்தலாம், வேகமாக முடியும். ஆனால் முதல் மூன்று நாள் ராத்திரி நரகம், பலர் இரண்டாம் நாளே கடைக்கு வந்துவிடுவார்கள். நான் செய்தது ஒற்றை மூக்கு வைத்தியம். வலது துவாரத்தில் அறவே நிறுத்திவிடுங்கள், இடதில் மட்டும் ராத்திரி விடுங்கள். மூச்சுவிட ஒரு வழி இருக்கிறது என்பதால் பீதி வராது. ஒரு வாரம் போல ஆனதும் வலது தானாகத் திறக்கும். அப்புறம் இடதையும் நிறுத்துங்கள். இடையில் குழந்தைகளுக்கான 0.05% சைலோமெட்டாசோலினுக்கு மாறுவதும் உதவும். இதோடு ஃபுளூட்டிகசோன் அல்லது மொமெட்டசோன் ஸ்டீராய்டு ஸ்பிரே சேர்த்தால் வீக்கம் சீக்கிரம் வடியும். அதை மருத்துவர் சீட்டோடு வாங்குங்கள். ஸ்டீராய்டு என்ற பெயருக்குப் பயப்பட வேண்டாம், மூக்கோடு நிற்கிற சின்ன அளவு அது. ஆனால் அதில் உடனடி மாயம் எதுவும் இல்லை, முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும். அடித்துப் பார்த்துவிட்டு “வேலை செய்யல” என்று மறுநாளே தூக்கி எறிகிறவர்கள்தான் அதிகம். அடிக்கும்போது தலையைச் சற்று முன்னால் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையால், நுனியைக் காதுப் பக்கம் சாய்த்து அடியுங்கள். நடுச்சுவரில் நேராகப் பாய்ச்சினால்தான் எரிச்சலும் இரத்தக் கசிவும் வரும்.

உப்புத் தண்ணீரை எத்தனை தடவை வேண்டுமானாலும் விடலாம், பழக்கமாகாது. கடையில் சலைன் சொட்டு என்று கேளுங்கள். வீட்டில் செய்வதென்றால் அரை லிட்டர் தண்ணீருக்கு முக்கால் தேக்கரண்டி உப்பு, நாலரை கிராம். தண்ணீர் கட்டாயம் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். ஜலநேத்தி என்று குழாய்த் தண்ணீரையோ கிணற்றுத் தண்ணீரையோ மூக்கில் ஊற்றாதீர்கள். கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தி படித்திருப்பீர்கள், அது உள்ளே போகும் வழி மூக்குதான். நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது இதமாக இருக்கும், பிடியுங்கள். கொதிக்கிற பாத்திரத்தை மட்டும் மடிக்கோ கட்டிலுக்கோ கொண்டுவராதீர்கள். தைலம் மூக்கைத் திறப்பதில்லை. மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தட்டிவிடுவதால் திறந்த மாதிரி தோன்றும், அவ்வளவுதான். தூங்க அந்தத் தோற்றமே போதும் என்றால் தடவிக்கொள்ளுங்கள், இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள்.

உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் வீட்டில் மற்றவர்களுக்காக இன்னும் கொஞ்சம். என் மாமனாருக்கு 71 வயது, புராஸ்டேட் வீக்கத்துக்குத் தினமும் டாம்சுலோசின். ஒரு மழைக்காலத்தில் சளிக்கு யாரோ கொடுத்த மாத்திரையை இரண்டு நாள் போட்டார். மூன்றாம் நாள் ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருந்தார், ஒரு சொட்டு இறங்கவில்லை. விடியற்காலை ஆஸ்பத்திரியில் டியூப் போட்டதும் முக்கால் லிட்டர் வந்தது. டாம்சுலோசின் சிறுநீர்ப்பையின் வாயைத் தளர்த்தும், மூக்கடைப்பு மருந்து அதே வாயை இறுக்கும், குளோர்ஃபெனிரமைன் பையின் பிழிகிற சக்தியையே குறைக்கும். ஒரு கதவை ஒருவர் திறக்கப் பார்க்க, இரண்டு பேர் வெளியே நின்று சாத்துகிற கதை. மருமகன் மருந்துக் கடைக்காரன், என்னிடம் கேட்கத் தோன்றவில்லை அவருக்கு.

குறுங்கோண கிளைக்கோமா என்கிற கண் அழுத்த நோய், தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இதய நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் சளி மாத்திரையைத் தொடக் கூடாது. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு லினெசோலிட் சாப்பிடுகிறவர்களுக்கும், பார்க்கின்சனுக்கு செலெஜிலின், ரசாஜிலின் சாப்பிடுகிறவர்களுக்கும் சூடோஎஃபெட்ரின் சேர்ந்தால் பிரஷர் திடீரென்று எகிறும். பால் கொடுக்கும் தாய்மாருக்கு இன்னொரு விஷயம்: ஒரு சிறிய ஆய்வில், 60 மி.கி. சூடோஎஃபெட்ரின் ஒரே வேளை எடுத்ததற்கே அன்றைய பால் அளவு சராசரியாக 24 சதவீதம் குறைந்தது. குழந்தைகளுக்கு ஃபினைல்எஃப்ரினும் குளோர்ஃபெனிரமைனும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. பெரியவர்களின் மூக்குச் சொட்டைக் கைக்குழந்தைக்கு விடவே விடாதீர்கள், மூச்சும் நாடியும் அடங்கிப்போகும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சிக் குழந்தை நெஞ்சில் தடவுவதும் வேண்டாம், கற்பூரம் வலிப்பை வரவழைக்கும்.

திடீரென்று மண்டை வெடிக்கிற மாதிரி தலைவலி, பார்வை மங்கல், நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், வலிப்பு, உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120க்கு மேல் நிற்பது: இவற்றில் எது வந்தாலும் யோசிக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

உங்கள் கணக்குக்கு வருவோம். மாத்திரையை விட்ட இரண்டு மூன்று நாளில் மந்தமும் வறட்சியும் போய்விட வேண்டும். படபடப்பு அதற்குப் பிறகும் இருந்தால் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். ஒற்றை மூக்கு வைத்தியத்தை இரண்டு வாரம் செய்தும் திறக்கவில்லை என்றாலோ, ஒரு பக்கம் மட்டும் எப்போதும் அடைத்தே இருந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். நடுச்சுவர் வளைவு, சதை வளர்ச்சி, அலர்ஜி என்று வேறு காரணம் இருக்கலாம். போகும்போது அட்டையையும் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். எத்தனை பாட்டில் தீர்ந்தது என்று கேட்பார். “ஒண்ணு ரெண்டு இருக்கும்” என்று நானும் அன்றைக்குச் சொன்னேன். ஏழு.